பிழை திருத்தம்

1984ஆம் வருஷக் கடைசியில் ஒரு சிறுபத்திரிகையில் என் கவிதை ஒன்று வெளிவந்தது. 11 வரிகள். 300 பிரதிகள் அச்சான பத்திரிகை. படித்தவர்கள் 100 பேர் இருந்தால் அதிகம். அடுத்த இதழில் ஒரு வாசகர் கடிதம், சாவையும் போதையையும் ஒரே படிமத்தில் நிறுத்திய கவிதை என்று பாராட்டியது. பிறகு பத்திரிகை நின்றுபோயிற்று. கவிதையும் மறந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. அச்சுப் பிழை அல்ல. அதைத் திருத்துவதற்காக, நாற்பது வருஷம் தாமதமாக, இதை எழுதுகிறேன்.

கவிதையின் படிமம் நெய்வேலிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழுப்பு நிலக்கரி வெட்டி எடுக்கும்போது ஏறக்குறைய பாதி ஈரம். ஆனாலும் அதைக் குவித்துப் பல நாள் வெளிக்காற்றில் போட்டுவைத்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். யாரும் நெருப்பு வைக்க வேண்டியதில்லை. 16 வயதில் செத்துப்போன ஒரு பையனை நான் அப்படித்தான் எழுதியிருந்தேன் - தானாகப் பற்றிக்கொண்டவன் என்று. எழுதியபோது நான் பொய் சொல்கிறேன் என்ற உணர்வு எனக்கு இல்லை. கவிதை வந்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

பையன் பக்கத்து வீட்டுக்காரன். பெயர் வேண்டாம்.

நெய்வேலி நகரியத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1956இல் கம்பெனி தொடங்கி, 1957இல் சுரங்க வேலை ஆரம்பித்து, 1962இல் மின்சாரம் எடுத்தார்கள். அதற்கென்று நிர்மாணிக்கப்பட்ட ஊர்.  வட்டம் என்றும் எண் என்றும் விலாசம். ஒரே மாதிரியான குவார்ட்டர்ஸ்கள், வீட்டுக்கு வீடு முருங்கை, கொய்யா, அகலமான சாலைகளில் நிழல். தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும், வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்கள். யாருக்கும் அந்த ஊரில் தாத்தா பாட்டி கிடையாது. ஒரு பையன் தப்புச் செய்தால் 'இன்னார் பேரனா நீ' என்று கேட்க ஒரு கிழவர் தெருவில் இருக்கமாட்டார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

ஊருக்கே மூன்று ஷிப்டு. அவனுடைய அப்பாவுக்குச் சுரங்கத்தில் பம்பு வேலை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். தீபாவளி பொங்கலுக்குக்கூட அந்தப் பம்புகளை நிறுத்த முடியாது. ஆகவே மாதத்தில் சில வாரங்கள் அவருக்கு ராத்திரி டூட்டி. காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் மாலைவரை தூங்குவார். அந்த நேரத்தில் வீட்டில் ரேடியோ கூடாது. பாத்திரம் உருளக் கூடாது. பையன்கள் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. 'அப்பா தூங்குறார், வெளியே போ' - ஷிப்டு வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது. எங்கள் வீட்டிலும் உண்டு. வெளியே என்றால் எங்கே என்று யாரும் சொன்னதில்லை. வெயில் நேரத்தில், விடுமுறை நாட்களில், வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பையன்கள் வட்டம் வட்டமாகச் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருப்போம். நகரியத்தின் ஓரத்துக்குப் போனால் முந்திரித் தோப்பு. முந்திரி தாழக் கிளைபரப்புகிற மரம். அதன் கீழ் உட்கார்ந்தால் சாலையிலிருந்து யாருக்கும் தெரியாது.

காரணம் இதுதான் என்று சொல்ல வரவில்லை. அதே தோப்பில் உட்கார்ந்து நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்தேன்.

என் தலைமுறைக்கும் குடிக்கும் ஒரு விநோதமான ஜாதகம் உண்டு. 1948 முதல் ராஜதானி முழுக்க மதுவிலக்கு. எனக்கு 7 வயதாகும்போது, 1971இல், அதைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தார்கள். 10 வயதில், 1974இல், மூடினார்கள். 17 வயதில், 1981இல், மறுபடி திறந்தார்கள். 1983இல் மொத்த விற்பனைக்கு அரசே ஒரு கார்ப்பரேஷன் ஆரம்பித்தது. 2003இல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. ஒரே வஸ்து, ஒரே மனிதர்கள்; வருஷத்தைப் பொறுத்து அது குற்றம் அல்லது வருவாய். இதைப் பார்த்து வளர்ந்த பையனுக்குச் சட்டத்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் உண்டாகியிருக்கும்? பெரியவர்கள் குடித்தால் அதற்கு 'டூட்டி அலுப்பு' என்று பெயர். பையன்கள் குடித்தால் 'கெட்டுப்போய்விட்டான்.' இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இல்லை.

அவனும் அவன் சிநேகிதர்கள் இருவரும் கண்டுபிடித்தது மேற்படி கணக்கில் வராத ஒன்று. குவார்ட்டர்ஸ்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர்கள் மிச்சம் வைத்துவிட்டுப்போன தின்னர். அப்பா கை துடைக்கக் கொண்டுவரும் காட்டன் வேஸ்ட். அதில் நனைத்து, உள்ளங்கையில் பொத்தி, மூக்கில் வைத்துக்கொள்வது. காசு வேண்டாம், கடை வேண்டாம், வாயில் நாற்றம் வராது என்ற நம்பிக்கை வேறு. எந்தச் சட்டத்திலும் அப்போது அதற்குப் பெயர் இருந்ததாக எனக்குத் தெரியாது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோதும் அதன் கவனம் அபின், கஞ்சா, ஹெராயின் மீதுதான். பெயிண்ட் கடைத் தின்னரும் பங்ச்சர் சொல்யூஷனும் அதில் இல்லை.

1984 மே மாதம். சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்திருந்தேன். கத்திரி வெயில் தாழ்ந்து நாலு மணி இருக்கும். தோப்பு வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அந்த வாசனை. முதலில் பெயிண்ட் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் மூன்று பேர். நடுவில் அவன். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. சின்ன வயதில் என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து ஸ்கூலுக்கு வந்தவன்.

எனக்கு வந்தது கோபம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெரிய மனிதனின் சந்தோஷம். தொண்டை கிழியக் கத்தினேன்: "டேய்! இரு, உங்கப்பாகிட்ட சொல்றேன்!"

அவன் எழுந்தான். "அண்ணே" என்றான். பிறகு ஓடினான். ஐம்பது கஜம் இருக்கலாம். நான் துரத்தினேன் - இதையும் சொல்ல வேண்டும் - சைக்கிளைப் போட்டுவிட்டு துரத்தினேன். அவன் விழுந்தான். தடுக்கி விழுந்த மாதிரி இல்லை. நடிக்கிறான் என்று நினைத்து, கிட்டப் போய், "எழுந்திருடா" என்று இன்னொரு தடவையும் அதட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் இல்லை. டாக்டர் என்னைத்தான் கேட்டார்: "ஏதாவது சாப்பிட்டானா? ஏதாவது குடிச்சானா?" இல்லை என்றேன். அது பொய் அல்ல. அவன் எதையும் சாப்பிடவுமில்லை, குடிக்கவுமில்லை. தமிழில் அந்தக் கேள்வியே அவ்வளவுதான். அந்தச் சின்ன இடைவெளி வழியாக நான் நழுவி வெளியே வந்துவிட்டேன். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதுவும் உண்மைதான். மறுநாள் விடியற்காலையில் தோப்புக்குப் போய் டின்னையும் காட்டன் வேஸ்ட்டையும் குழி தோண்டிப் புதைத்தேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

அந்த வருஷ ஐப்பசியில் கவிதை எழுதினேன்.

அன்றைக்கு நாங்கள் எழுதிய விமர்சனங்களைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், 'போதை' என்பது எங்களுக்கு ஒரு புகழ்ச்சொல். மொழியின் போதை, வாழ்வின் போதை, இருப்பின் போதை. நல்ல கவிதை என்றால் போதையேற்ற வேண்டும். குடித்துச் சீரழிந்த கவிஞன் குடிக்காத கவிஞனைவிட உண்மையானவன் என்று ஒரு எழுதப்படாத விதி. சங்கப் புலவர்கள் தேறல் உண்டதை இதற்குச் சாட்சியாக வைப்போம். ஆனால் அதியமான் இறந்தபோது ஔவை பாடியதில் நினைவுகூரப்படுகிற கள், பகிர்ந்துகொள்ளப்பட்ட கள். கொஞ்சமாக இருந்தால் யாருக்கு, நிறைய இருந்தால் எப்படி என்பதுதான் அங்கே பேச்சு. கூட இருந்தவனைப் பற்றியது. முந்திரி மரத்தடியில் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவன் தலைக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நான் 'நீலம்' என்று ஒரு வர்ணம் கொடுத்திருந்தேன். கடிதம் எழுதியவர் அந்த நீலத்தைத்தான் பாராட்டியிருந்தார்.

கவிதை செய்த வேலை இதுதான். தோப்பில் நான்கு பேர் இருந்தோம். கவிதையில் ஒருவன்தான் இருந்தான். என்னை நான் எடுத்துவிட்டேன். அதட்டல் இல்லை, துரத்தல் இல்லை, டின் இல்லை. தானாகப் பற்றி எரிகிற கரி மட்டும்.

படிமம் ஒன்றை மறைக்கவும் செய்யும் என்று எங்கள் விமர்சனம் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

2009இல்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அப்போது நான் பள்ளி ஆசிரியன். பையன்கள் எழுத்தை அழிக்கும் ஒயிட்னரைக் கைக்குட்டையில் ஊற்றி முகர்கிறார்கள் என்று ஊருக்கு ஊர் பேச்சு வந்த சமயம். அதைப் பற்றி ஏதாவது படிக்கலாம் என்று தேடியபோது, அமெரிக்காவில் மில்லார்ட் பாஸ் என்ற மருத்துவர் 1970இல் எழுதிய கட்டுரை பற்றிக் கண்ணில்பட்டது. வேறு நோய் ஏதுமில்லாத இளைஞர்கள், இப்படிப்பட்ட ஆவிகளை முகர்ந்த பிறகு திடீரென்று விழுந்து இறந்த 110 சாவுகளை அவர் தொகுத்திருந்தார். மூச்சுத் திணறி அல்ல. தின்னரில் இருக்கும் டொலுவீன் போன்ற திரவங்களின் ஆவி நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும் மூளைக்கும் சில விநாடிகளில் போய்விடுகிறது. கூடவே இருதயத்தை ஒரு விபரீத நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது: அட்ரினலினுக்கு அது அளவுக்கு மீறி எதிர்வினை செய்யும். அந்த நேரத்தில் திடீர் பயமோ திடீர் ஓட்டமோ அட்ரினலினைப் பாய்ச்சினால் துடிப்பின் தாளம் சிதறி நின்றுவிடும். பழகியவனுக்குத்தான் நேரும் என்றில்லை. முதல் தடவை முகர்ந்தவனுக்கும் நேரலாம். ஆகவே, முகர்கிறவனைக் கண்டால் பயமுறுத்தாதே, துரத்தாதே, காற்றோட்டமான இடத்தில் அமைதியாக உட்காரவை என்பது வைத்தியர்கள் சொல்கிற முதல் பாடம்.

நான் பயமுறுத்தினேன், துரத்தினேன். 14 வருஷங்களுக்கு முன்பே அச்சில் இருந்த ஒன்று எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அது ஒரு சமாதானம்தான்.

அவனுடைய பெற்றோர் ஓய்வுக்குப் பின் வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வள்ளலார் நினைவு நாளில் தமிழ்நாடு முழுக்க மதுக்கடை மூடியிருக்கும். அப்படி ஒரு தைப்பூசத்தன்றுதான் போனேன். கூட்டத்துக்குப் பயந்து அத்தை உள்ளேயே இருந்தார்கள். மாமாவைத் திண்ணையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டார். சொல்லி முடித்த பிறகு, தாழ்ந்த குரலில், "சட்டையில வாசனை இருந்துச்சு தம்பி. உங்க அத்தை மூணு வாட்டி தொவைச்சா. போவல" என்றார்.

இருபத்தைந்து வருஷமாக இரண்டு வீட்டிலும் இருந்த விஷயம். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கேட்டார்: "நீ அதட்டாம இருந்திருந்தா?" தெரியாது மாமா, பிழைத்திருக்கலாம் என்றேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானா இருந்தாலும் அதட்டித்தான் இருப்பேன்" என்றார். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. நாங்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கற்றிருந்தோம் என்பது மட்டும் அதில் இருந்தது. அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. இன்று இருவரும் இல்லை. அதனால் இதை எழுத முடிகிறது.

குறளில் கள்ளுண்ணாமை அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. அதில் ஒரு உவமை: களித்தவனுக்குக் காரணம் எடுத்துச் சொல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுவது போல. குடிகாரனிடம் பேசிப் பயனில்லை என்பதற்கு இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். வகுப்பில் நானும் அப்படித்தான் நடத்தினேன். 2009க்குப் பிறகு எனக்கு அது வேறு மாதிரி படிக்கிறது. உவமையில் குற்றம் மூழ்கியவனிடத்தில் இல்லை, தீவட்டியிடத்தில் இருக்கிறது. தண்ணீருக்குள் இருப்பவனைக் கரையில் நின்று தேட முடியாது. இறங்க வேண்டும். உரையாசிரியர்கள் யாரும் இப்படிச் சொல்லவில்லை. இது என் அனுபவத்தின் அர்த்தம், அவ்வளவே.

அடுத்த வருஷம் என் வகுப்பிலேயே ஒரு பையன். பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்சு, உணவு இடைவேளை, கைக்குட்டை. அதே மாதிரி கண். என் தொண்டை வரைக்கும் அந்தச் சத்தம் வந்தது. விழுங்கினேன். மெதுவாக நடந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் எழுந்திருக்கப் பார்த்தபோது, "உக்காரு, ஒண்ணுமில்லே" என்றேன். சுமார் அரைமணி நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவனாகவே கைக்குட்டையைக் கொடுத்தான். அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய் யாரையும் அதட்டாமல் பேசினேன். அவன் திருந்தினானா என்றால், அந்த வருஷமே படிப்பை நிறுத்திவிட்டான். பிற்பாடு மந்தாரக்குப்பத்தில் ஒரு பங்ச்சர் கடையில் பார்த்தேன். கையில் சொல்யூஷன் டியூப். என் பார்வை போன இடத்தைப் பார்த்துச் சிரித்தான்: "இது தொழில் சார்." நம்பினேன். நம்புவதைத் தவிர என்னால் செய்யக்கூடியது அங்கே நின்று என் சைக்கிள் டியூபைக் காட்டுவதுதான். காட்டினேன்.

2012இல் ஒயிட்னரையும் அதன் தின்னரையும் பாட்டிலில் விற்பதை மத்திய அரசு தடை செய்தது. 2019இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பில், 10 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 1.17 சதவீதம் பேர் இவ்விதம் முகர்கிறார்கள், பெரியவர்களில் 0.58 சதவீதம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருக்கிற ஒரே போதை இதுதான். இன்று வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். வஸ்து மாறிக்கொண்டே இருக்கிறது. 2001இல் பண்ருட்டிப் பக்கம் கள்ளச்சாராயம் 50க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டவர்களை. மெத்தனால் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் ரெய்டு, கைது, அறிக்கை. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். தவறில்லை. ஆனால் உறுதிமொழியை மீறிய பிறகு ஒரு பையன் யாரிடம் வருவான்? 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் குடிநோயாளிகளுக்கென்று சிகிச்சை மையம் தொடங்கினார். குடிக்கிறவனை நோயாளி என்று பார்க்கலாம் என்பது அப்போதே இங்கே வந்துவிட்ட சிந்தனை. பையன்களைப் பொறுத்தவரை அது இன்னும் எங்கள் தொண்டைக்கு வந்து சேரவில்லை.

கவிதை ஒருபக்கம் போதையைக் கொண்டாடியது. ஊர் மறுபக்கம் அதட்டியது. இரண்டும் எதிரெதிர் என்று அன்று நினைத்தேன். நான் இரண்டையும் செய்தவன். ஆறு மாத இடைவெளியில், ஒரே பையனுக்கு. இரண்டிலும் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நெய்வேலிக்கு இன்னும் போய்வருகிறேன். எனக்குப் பரிச்சயமான முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வுபெற்றுவிட்டது. தோப்பு இருந்த இடத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை.

அந்தப் பழைய இதழ் யாரிடமாவது இருந்தால், கவிதையின் ஒன்பதாவது வரியில் 'தானாக' என்ற சொல்லை அடித்துவிடவும்.